உதவித்தொகை இல்லாத பள்ளி

ஜூலை 4

என் அன்புத் தபால்பெட்டிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். தலைமையாசிரியை ஆன பிறகும் நீ வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறாய். அந்தப் பட்டப்பெயர் இந்த ஜென்மத்தில் உன்னை விடாது. உன் வீட்டில் இரண்டு நாள் இருந்தது, ஆசிரியர் பயிற்சிக் காலத்து விடுதி அறைக்கே போய்விட்டு வந்த மாதிரி இருக்கிறது. நம் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி நல்ல செருப்பு, ஞாபகம் இருக்கிறதா? காலை வகுப்புக்கு நீ போட்டுக்கொண்டு போவாய், மதியம் நான். உன் கால் பெரிது. நான் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு நுழைந்தாலே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடும்.

இனி வேலைப் பேச்சு. போனில் என்றால் நீ என்னைப் பேசவே விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன். எங்கள் ஆய்வுத் திட்டத்தில் எட்டுப் பள்ளிகளுக்குள் குலுக்கல் போட்டு நாலுக்கு உதவித்தொகை கொடுக்கிறோம், நாலுக்கு இல்லை. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டால்தான் அந்தத் தொகையால் பிள்ளைகள் படிப்பை விடாமல் இருக்கிறார்களா என்று தெரியும். உன் பள்ளி இல்லாத பக்கம். அந்த நாலில் பெரிய பள்ளியும் அதுதான். ஆனால் நீ கொடுத்த கணக்கில் படிப்பை நிறுத்திய பிள்ளை ஒன்றுகூட இல்லை. "எப்படி நம்பறது? திரும்பக் கேளுங்க" என்கிறார் எங்கள் மேலதிகாரி. இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லையென்றால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள்.

அங்கே என்னதான் நடக்கிறது? உண்மையைச் சொல்லடி.

உன்
குண்டூசி

ஜூலை 15

அடி குண்டூசி,

எனக்கு எண்ணத் தெரியாது என்றா உங்கள் மேலதிகாரி நினைத்துக்கொண்டிருக்கிறார்? நல்ல ஆள்!

சரி, குட்டு வெளிப்பட்டுவிட்டது, சொல்லிவிடுகிறேன். குலுக்கலில் எங்களுக்கு விழவில்லை என்று தெரிந்த அன்றே கணக்கு வாத்தியார், "அவங்க தராட்டி போறாங்க, நாம போடுவோம்" என்று சட்டைப்பைக்குள் கையை விட்டார். அன்றிலிருந்து சம்பள நாளில் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறோம். பள்ளிக்கு எதிரே கடை வைத்திருக்கும் தையல்காரர் சீருடைக்குக் கூலி வாங்குவதில்லை. பஸ் காசு, நோட்டு, தேர்வுக் கட்டணம் எல்லாம் இப்படித்தான் ஓடுகிறது. முன்பே சொல்லவில்லையே என்று என் மேல் பாயாதே. அரசு உதவி உண்டா, நிறுவன உதவி உண்டா என்றுதானே உன் படிவத்தில் கேட்டிருந்தாய்? இரண்டும் இல்லை என்று எழுதினேன். வாத்தியார் சட்டைப்பைக்கு நீ கட்டம் போடவில்லையே!

அடுத்த முறை நாலு நாள் தங்குகிற மாதிரி வா. வார்டன் வருகிற சத்தம் கேட்டதும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்போமே, இப்போது வாய்விட்டே சிரிக்கலாம். கேட்க ஆளில்லை.

உன்
தபால்பெட்டி

ஜூலை 28

அன்புள்ள தோழிக்கு,

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாய். உன் பள்ளியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டுப் பார்த்தேன். நமக்கு வேண்டிய முடிவு வருவதற்காக எடுத்தோம் என்று பெயர் வரும், கூடாது என்றுவிட்டார் மேலதிகாரி.

இனி எழுதப்போவதை அவர் கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன். பிப்ரவரியில் கடைசிக் கணக்கெடுப்பு. அதுவரை நீங்கள் கொடுப்பதை நிறுத்திவைக்க முடியுமா? வித்தியாசம் தெரிந்துவிட்டால் எல்லாப் பள்ளிகளுக்கும் உதவித்தொகை வரும். ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வரும், உன் பிள்ளைகளுக்கும்தான். சில மாதம்தானே.

கேட்க நாக்கு கூசுகிறது. ஆனாலும் இத்தனை வருஷம் பள்ளி பள்ளியாக அலைந்து சேர்த்தது வீணாகப் போவதைப் பார்க்க முடியவில்லை. உரிமையோடு கேட்க எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

குண்டூசி

செப்டம்பர் 2

குண்டூசிக்கு,

கோபத்தோடு எழுதக் கூடாது என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை.

நீ சொன்னதில் நியாயம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் என்றாயே, அது மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. அதனால் முயன்றுதான் பார்த்தேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி பஸ் காசுக்கு வந்து நின்றாள். "இந்த மாசம் இல்லம்மா" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. "சரி டீச்சர்" என்று போனவள், வராந்தாவில் தன் தோழியிடம், "நாளைலேருந்து எனக்கு இடம் போட்டு வைக்காதே" என்றாள். ஓடிப்போய்க் காசை அவள் கையில் திணித்தேன். என்னால் முடியாதடி. நடந்ததை நடந்தபடி உன் அறிக்கையில் எழுதிக்கொள்.

இன்னொன்று. பிப்ரவரியில் வேறு யாரையாவது அனுப்பு. நீ என் எதிரே உட்கார்ந்து "எத்தனை பேர் நின்னுட்டாங்க?" என்று கேட்டால், நிறையப் பேராக இருக்கட்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொள்கிறாயோ என்றுதான் எனக்குத் தோன்றும். உன்னை அப்படி நினைக்க எனக்குப் பிடிக்கவில்லை.

தபால்பெட்டி

செப்டம்பர் 20

என் அன்புத் தபால்பெட்டிக்கு,

உன் பள்ளியிலும் உதவி நடக்கிறது, அதைக் கொடுப்பவர்கள் ஆசிரியர்கள் என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். திட்டம் தொடருமா நிற்குமா என்று தெரியவில்லை. பிப்ரவரியில் உன்னிடம் என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் வருவார்.

நாம் பயிற்சியில் இருந்தபோது பிள்ளைகள் வராத நாளில் நீ வீடு வீடாகப் போய்க் கூட்டிக்கொண்டு வருவாய். வெயிலில் முகம் கன்றிப்போய் வந்து, "எல்லாரும் வந்தாச்சு, இப்ப பாடம் நடத்து" என்பாய்.

நான் அப்படி வேண்டிக்கொள்கிறவள் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. போன வாரம் உதவித்தொகை இல்லாத இன்னொரு பள்ளிக்குப் போயிருந்தேன். கிளார்க் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "நாலு பேர் நின்னுட்டாங்க மேடம்" என்றார். "நல்லது" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேனடி. அவர் பதிவேட்டை மூடிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் உன் வீட்டுக்கு வரலாமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கவில்லை. உனக்கே தோன்றும்போது எழுது.

உன்
குண்டூசி