தின்னர் பட்ட கண்ணாடி

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மீஞ்சூரில் ரயில் இருபது நிமிடம் லேட். கும்மிடிப்பூண்டி போவதற்குள் சுடிதார் நனைந்தாயிற்று. கம்பெனி பெயிண்ட் ஷாப்பில் இன்று இரும்புக் கதவுகளுக்குப் பச்சை. நகமெல்லாம் பச்சை.

வாங்க: சூப்பர் க்ளூ 2, செப்பு நிற ஸ்ப்ரே 1, அம்மாவுக்குத் தைலம்.

க்ளூவும் ஸ்ப்ரேயும் தங்கை மோனிஷாவுக்கு (இனி மோ.). ஞாயிற்றுக்கிழமை சென்னையில் வேஷப் போட்டி. ஸ்டீம்பங்க் போடுகிறாளாம். நீராவி இன்ஜின் காலத்து ஆள் மாதிரி கோட்டு, தோல் பெல்ட், பல்சக்கரம். நெற்றிக்கு மேல் ஒரு கண்ணாடி கட்டாயம். எங்கள் கம்பெனியில் தருகிற அதே பிளாஸ்டிக் சேப்டி கண்ணாடியை ஹார்டுவேர் கடையில் வாங்கி வந்து, ஓடாத கடிகாரங்களைப் பிரித்து ஒட்டிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா: "இத்த மாட்டிகினு எங்க போவப் போற, வெல்டிங் வேலைக்கா?"

காலேஜில் இரண்டு பேப்பர் போனதிலிருந்து "என் கைல எதுவும் உருப்படாதுக்கா" என்பதே மோ.வின் பேச்சு. இந்தக் கண்ணாடியை எடுத்த பிறகு ஒரு தடவைகூட அதைச் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும்.

ஜூலை 9, புதன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

காலையில் சக்கரம், வாஷர் எல்லாம் ஒட்டி முடித்து பிரிட்ஜ் மேல் வைத்திருந்தாள். "காலேஜ்லருந்து வந்து ஸ்ப்ரே அடிச்சிக்கறேன். யாரும் தொடாதீங்க." சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் தொட்டேன்.

விரல் பிசுக்கு, க்ளூ கறை. எங்கள் ஷாப்பில் தின்னரில் துடைக்காமல் எந்தத் தகட்டுக்கும் பெயிண்ட் ஏறாது. ஏழு வருஷப் பழக்கம். நகத்துப் பெயிண்ட் போக்க வைத்திருந்த தின்னர் பாட்டில் பக்கத்திலேயே. துணியில் நனைத்து இரண்டே நிமிடம், கண்ணாடிப் பாகத்தையும் சேர்த்து. ரயிலுக்கு ஓட்டம்.

சாயங்காலம் வந்தால் கண்ணாடி வெள்ளை பூத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை மயிரிழை விரிசல். மூன்று சக்கரம் கீழே. தகடு தாங்கும், பிளாஸ்டிக் தாங்காது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது.

மோ. தரையில். "க்ளூவ ஜாஸ்தி போட்டுட்டேன் போலக்கா. பாத்தியா, என் கை."

"வெயிலுக்கு ஆயிருக்கும்," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜூலை 10, வியாழன்

போட்டிக்கு வரவில்லை என்று தோழிக்கு போன் பண்ணிவிட்டாள். கோட்டை மடித்து பீரோவுக்குள்.

இரண்டு கதவில் பெயிண்ட் வழிந்துவிட்டது. சூப்பர்வைசர்: "இன்னாம்மா, கண்ணு எங்க கீது?"

ரயிலில் ஒத்திகை பார்த்தேன். "மோனி, அது நான்தான்." மூன்றே வார்த்தை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது போய்விட்டது. மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்தது, அதுவும் வரவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஷிப்ட் முடிந்ததும் என் சேப்டி கண்ணாடியையே பையில் போட்டு எடுத்து வந்துவிட்டேன்.

"உன்னோடதா? நாளைக்கு நீ இன்னா போடுவ?"

"கம்பெனில விசிட்டர் கண்ணாடி கீது. நீ செய்."

நெற்றியில் வைத்து அளவு பார்த்தாள். பிறகு பிளேடு எடுத்தாள். பழசிலிருந்து சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். துடைக்க என்ன வேண்டும் என்று கேட்டேன். "சோப்புத் தண்ணி போதும்கா. ஸ்ப்ரே டப்பா மேலயே எழுதிக்கீதே." என்னால் முகத்தைக் காட்ட முடியவில்லை. வெங்காயம் உரிக்கப் போனேன்.

ஜூலை 13, ஞாயிறு

சென்னை. கூட்டம். பரிசு இல்லை. ஆனால் போட்டோவுக்கு நின்று நின்று மோ.வுக்குக் கால் வலி. செப்பு நிறம் அவ்வளவு அழகு. சிரித்துக்கொண்டே இருந்தாள்.

யாரோ ஒரு பெண் கேட்டாள்: "இது நீங்களே செஞ்சதா?"

"கண்ணாடி எங்க அக்காவோடது. என்னோடத நானே கெடுத்துட்டேன்."

நான் பக்கத்தில், தண்ணீர் பாட்டிலோடு. அப்போதாவது சொல்லியிருக்கலாம். என்னை நினைத்தால் எனக்கே கேவலமாக இருக்கிறது.

ஜூலை 14, திங்கள்

கம்பெனி ஸ்டோரில் பழசைக் கொடுத்தால்தான் புதுக் கண்ணாடி. என்னுடையது மோ.விடம், அதனால் அவளுடைய வெள்ளை பூத்ததைக் கொடுத்தேன். ஸ்டோர் பாபு அண்ணன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"தின்னரா? பெயிண்ட் ஷாப்ல இருந்துகினு பிளாஸ்டிக்க தின்னர்ல தொடைப்பியா நீ? எழுது, எழுது."

ரிஜிஸ்டரில் பெயர், பொருள், காரணம். காரணத்தில் எழுதினேன்: தின்னரில் துடைத்துக் கெடுத்தது நான்.

எழுதியது சுலபமாக இருந்தது. அந்த வரியை போட்டோ எடுத்து மோ.வுக்கு அனுப்பினேன்.

டீ நேரம்: பார்த்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரம்: ஒன்றும் இல்லை.

நாலு மணிக்குப் பதில் வந்தது. "அஞ்சு நாளா என் கையத் திட்டிகினு இருந்தேன்க்கா."

அப்புறம் இன்னொன்று. "ஊட்டுக்கு வா."

ரயில் பொன்னேரி தாண்டியாயிற்று, மீஞ்சூர் வரப்போகிறது. உட்கார இடம் இருக்கிறது. நின்றுகொண்டே எழுதுகிறேன்.