இறக்காத நான்காம் வாரம்

மார்ச் 3

வாலுவின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். எழுத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

நாம் தனித்தனியாக இருக்க ஆரம்பித்து இரண்டு வருடம். வாலு உங்களிடம் வந்து நான்கு மாதம். "அப்பாவே கோச்சா இருக்கும்போது நான் எதுக்கு வேற ஆள்கிட்ட போகணும்?" என்று பெட்டியைத் தூக்கியவளை நான் தடுக்கவில்லை. நீளம் தாண்டுதலில் மகள் பெயர் வாங்கினால் எனக்கும் கசக்காது.

ஆனால் நான் புது ஷூ அனுப்பியதும் பழையதைத் திருப்பி அனுப்பினாளே, அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. செருப்புக் கம்பெனியில் பதினோரு வருடமாகச் சோதனை மேசையில் உட்காருகிறேன். இடது சோல் அப்படியே இருக்கிறது. வலதில் வெளி ஓரம் தேய்ந்து நூல் தெரிகிறது. ஒரு பக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டு நடக்கிறாள். கேட்டால், "நல்லா இருக்கேம்மா" என்று மூன்று முறை சொல்கிறாள். நன்றாக இருப்பவர்கள் ஒரு முறைதான் சொல்வார்கள்.

கொஞ்சம் கவனியுங்கள். பதினாறு வயசுதான் ஆகிறது அவளுக்கு.

அவள் அம்மா

---

மார்ச் 9

வாலுவின் அம்மாவுக்கு,

அவள் எழும்பித் தாண்டுகிற கால் வலதுகால். அது தேயத்தான் செய்யும். சோலைப் பார்த்து ஜாதகம் சொல்லாதே.

எடைப் பயிற்சி என்றாலே உனக்கு பயம். முதல் மூன்று வாரம் வெறும் கம்பிதான் கொடுத்தேன். உட்கார்ந்து எழும் முறை பழுதில்லாமல் வந்த பிறகே கம்பியில் எடைத் தட்டு மாட்டினேன். வாரத்துக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை. மூன்று வாரம் ஏற்றினால் நான்காம் வாரம் பாதியாக இறக்கிவிடுவேன். தூக்கும்போது உடம்பு தேய்கிறது. இறக்கி வைத்து ஓயும்போதுதான் பலம் ஏறுகிறது. இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன்!

நேற்று ஐம்பது கிலோவைத் தோளில் வைத்து ஐந்து முறை எழுந்தாள். நீ பார்த்திருக்க வேண்டும். ஏப்ரல் இருபதாம் தேதி தேர்வுப் போட்டி. பக்கத்து மைதானத்துப் பெண் இவளைவிட ஒரு சாண் அதிகம் தாண்டுகிறாள். அந்த ஒரு சாண்தான் என்னை உட்கார விடவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அவள் அப்பா

---

மார்ச் 14

வாலுவின் அப்பாவுக்கு,

இதைப் போனில் சொல்லத்தான் கூப்பிட்டேன். "மைதானத்துல இருக்கேன், அப்புறம் பேசு" என்று வைத்துவிட்டீர்கள், இரண்டு தடவை. எங்கள் கம்பெனி டிரைவர் அந்தப் பக்கம் வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நின்ற இடத்திலேயே படியுங்கள்.

நேற்று மத்தியானம் அவளே கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"அம்மா, குனிஞ்சு பல்லு விளக்க முடியல. இடுப்புக்குப் பின்னாடி குத்துது."

"அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னா போட்டியிலேருந்து பேரை எடுத்துடுவாரும்மா. நீயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பண்ணிய கையாலேயே எழுதுகிறேன்.

நான்காம் வாரம் பாதியாக இறக்குவேன் என்று எழுதியிருந்தீர்களே, அதைச் சொல்லி அவளைக் கேட்டேன். "எந்த நாலாவது வாரம்?" என்கிறாள்.

அவள் அம்மா

---

மார்ச் 19

வாலுவின் அம்மாவுக்கு,

நின்ற இடத்திலேயே படித்தேன். உடனே அவளைக் கூப்பிட்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன்.

"பின்னாடி கொஞ்சம் வளை."

வளைந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"இப்படிப் பொய் சொல்ல யாரு சொல்லிக் கொடுத்தா?" என்று கத்தினேன். கத்தி முடிப்பதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான் எடையை இறக்கவில்லை. ஆனால் பயிற்சி நோட்டில் 'பாதியாகக் குறைத்தது' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. அவள் கண் முன்னால்தான் எழுதினேன். "இது மத்தவங்க பாக்கறதுக்கு" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கீழ் முதுகெலும்பில் மயிரிழை அளவு விரிசல். மூன்று மாதம் தாண்டவும் கூடாது, தூக்கவும் கூடாது. நானே போய் போட்டிப் பட்டியலில் அவள் பெயரை அடித்துவிட்டு வந்தேன். "இன்னும் ஒரு மாசம் தாங்கியிருப்பேன்" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. அடுத்த வாரம் பஸ்ஸில் உன்னிடம் வருகிறாள். பெட்டியை அவளைத் தூக்க விடாதே.

நீ இரண்டு வாரத்துக்கு முன்பே சொன்னாய்.

அவள் அப்பா

---

ஜூலை 2

வாலுவின் அம்மாவுக்கு,

அவள் அங்கே வந்த பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம் இது. மூன்றுக்குப் பதில் இல்லை. திட்டியாவது ஒரு வரி போடக் கூடாதா?

டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிந்துவிட்டது. முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். வெறும் கம்பிகூட வேண்டாம், குச்சி போதும். இந்த முறை அவசரப்பட மாட்டேன். மற்ற பிள்ளைகளிடமும் "எங்கே வலிக்குது?" என்று கேட்ட பிறகுதான் தட்டு மாட்டுகிறேன். அவளை அனுப்பி வைப்பாயா? கட்டாயமில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

அவள் அப்பா

---

ஜூலை 8

வாலுவின் அப்பாவுக்கு,

சத்தியத்தை மீறியதற்காக அவள் என்னோடும் பத்து நாள் பேசவில்லை. நம் இரண்டு பேர் மேலும் அவளுக்கிருந்த கோபத்தை இந்த வீட்டில் நான் ஒருத்தி சுமந்தேன். பதில் போடாததற்கு வேறு காரணம் தேடாதீர்கள். உங்கள் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் பெயரை நீங்களே போய் அடித்துவிட்டு வந்தீர்களே, அதை நினைத்தால் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை.

அவள் வர மாட்டாள். இங்கே ஒரு பெண் கோச்சிடம் சேர்ந்திருக்கிறாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்பா சொல்லிக் கொடுத்த முறையெல்லாம் சரிதாம்மா. ஆனா அவர்கிட்ட வலிக்குதுன்னு என்னால சொல்ல முடியாது. இவங்ககிட்ட முதல் நாளே சொல்லிட்டேன்."

படிக்க உங்களுக்கு வலிக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அப்புறம் அவளே சொன்னாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீங்கள் சாப்பிட வரலாமாம். பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாதாம். "வேற பேசறதுக்கு அப்பாகிட்ட ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டாள்.

இருக்கும் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வாருங்கள்.

அவள் அம்மா