சி வந்தால் பாஸ்

செவ்வாய், இரவு.

பாலிக் புலாவ் ஊரிலிருந்து வரும் செல்வம் அண்ணனுக்கு இதய வால்வில் கோளாறு. இப்போது தோட்டத்து மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். எக்கோ, இதய ஸ்கேன், எடுக்கலாம் என்றேன். பெரிய டாக்டர் மறுத்துவிட்டார். வழிகாட்டி நூல்படி அடுத்த வருடம்தானாம்.

நூலில் அந்த வரியின் ஓரத்திலேயே சான்றின் தரம் ‘சி’ என்று இருக்கிறது. ஆய்வு எதுவும் இல்லை, நிபுணர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்டது. இதற்கா ஒரு மனிதரை ஒரு வருடம் காக்க வைப்பது? பெரிய டாக்டரிடம் காட்டினேன்.

“ஸ்கூல் எஸ்பிஎம் பரீட்சைல சி வந்தா பாஸ்தான் லா, தங்கச்சி” என்றார்.

நர்ஸுகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நினைத்தால் இன்னும் எரிகிறது.

வெளியே வந்து செல்வம் அண்ணனிடம், “நல்லா ஆராய்ச்சி பண்ணித்தான் எழுதியிருக்காங்க அண்ணே” என்றேன்.

“அப்ப வேலைய நிறுத்த வேணாம்ல, டாக்டர்?”

நிறுத்த வேண்டாம் என்றேன்.