வராத நாலாம் புத்தகம்

சார்லஸ் மாமா,

மீன் குழம்பு சட்டியில இருக்கு, சூடு பண்ணிக்குங்க. உப்பு ஜாஸ்தி. பீரோ சாவி ஃப்ரிட்ஜ் மேல.

சாயங்காலம், நீங்க கதை சொல்லச் சொல்ல ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து ஆடுற நம்ம கதை விளையாட்டுக்கு வர்றவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க, அதோட நாலாம் புத்தகம் வராது. நேத்து பிரௌசிங் சென்டர்ல பார்த்தேன். சீக்கிரம் வருதுன்னு கம்பெனிக்காரன் போட்டிருந்ததை எடுத்துட்டான். விளையாட்டையே புதுசா மாத்தி எழுதுறாங்களாம், பழசுக்கு இனிமே ஒண்ணும் கிடையாது.

அந்தப் புத்தகம் வந்தாத்தான் மேற்கொண்டு கதைன்னு, விளையாட்டுல நான் எடுத்த வைத்தியக்காரியைப் பொங்கல்லேருந்து மந்திரக் குகைக்குள்ள பூட்டி வச்சிருக்கீங்க. கடலூர் வேலைக்கும் அதே பதில்தான்: "கொஞ்சம் பொறு அனு." ஆர்டர் வந்து டிவி மேல கிடக்கு. ராத்திரி கேட்டப்பவும் அதையேதான் சொன்னீங்க. இன்னிக்குக் கடலூர் மஞ்சக்குப்பம் போய் ஜாயின் பண்றேன். அங்க ஹாஸ்டல்ல தங்கிக்கிறேன், சனிக்கிழமை சிதம்பரம் வீட்டுக்கு வருவேன்.

சண்டை போடத் தெம்பில்ல, அதான் எழுதி வச்சிட்டுப் போறேன்.

அனு

இன்னொண்ணு. செருப்பு மாட்டினப்புறம் திரும்பி வந்து உங்க இருபது முக டைஸை உருட்டிப் பார்த்தேன். பதினஞ்சுக்கு மேல விழுந்தாத்தான் குகைக் கதவு திறக்கும்னு சொல்லுவீங்களே. மூணுதான் விழுந்துச்சு.

வைத்தியக்காரி வெளிய வந்துட்டான்னே எழுதிக்குங்க.