எண்பத்திரண்டு லீற்றர்

தை (ஜனவரி) 11, ஞாயிறு

காலையில் மழை. தேவாலயத்தில் பூசை முடிய விட்டது. சாரதாவின் ஸ்கூட்டியில் அச்சுவேலிக்கு, பலகை பார்க்க.

பள்ளிக்கூட நாளிலிருந்து எதற்கும் அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. இப்போது அவள் கணக்கு ரீச்சர், இரண்டு பிள்ளைகள். இன்னும் அப்படித்தான்.

குருநகர் கடல்நீரேரியில் எட்டு மாதமாகப் பலகையில் நின்று துடுப்புப் போடுகிறோம். இரவல் பலகை, பத்தரை அடி. ஏரிக்கு நல்லது. போன கிழமை மணற்காட்டு அலையில் அதன் மூக்கு மணலில் குத்தியது. சின்ன அலைக்குக் கட்டைப் பலகைதான் வேண்டும். டக்கென்று திரும்பும்.

விடுதியை மூடிவிட்ட ஒருவரின் கொட்டிலில் மிச்சம் இரண்டு.
பெரியது: எட்டடி, அகலம், மழுங்கல் மூக்கு. 118 லீற்றர்.
சின்னது: ஏழடி சொச்சம், ஒடுங்கல், நீலம். 82.

சாரதா வெளியே, போனில் பள்ளிக்கூட அதிபருடன். அந்த மனிதர் என்னிடம் மட்டும்:

"தங்கச்சி, லீற்றரைப் பாருங்கோ. அதுதான் பலகை தாங்கிற அளவு. பழகிற ஆக்களுக்கு உடம்பு நிறையின்ரை ஒண்டரை மடங்கு வேணும். இல்லாட்டி ஏறி நிண்டவுடனை தாழும்."

நான் 53 கிலோ. அவள் 74. கணக்கு ஒரு நிமிடத்தில் முடிந்தது. சின்னது எனக்கு, பெரியது அவளுக்கு.

பெரியதைத் தரையில் வைத்து ஏறி நின்று பார்த்தேன். கட்டில் போல இருந்தது. எனக்குக் கடல் என்றால் பயம், அவளுக்கு அது தெரியாது. இறங்க மனம் வரவில்லை.

சாரதா வந்தாள். "எதடி உனக்கு?"

"இது."

"அப்ப எனக்கு மற்றது."

அவ்வளவுதான்.

தை 13, செவ்வாய்

ஆய்வுகூடத்தில் சனம். அறுபது இரத்த மாதிரி. கை வலி.

வாங்க: மெழுகு. காலில் கட்டும் கயிறு 2. வெங்காயம்.

மத்தியானம் சாரதா போன் எடுத்தாள். சொல்ல வாயெடுத்தேன். அவள் நீல நிறத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லலாம்.

தை 15, வியாழன்

சாரதா பொங்கலுடன் வந்தாள். பின்னேரம் ஏரி. காற்றில்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி.

அவள் ஏறி நின்றாள். பலகை அவளுக்குக் கீழே காணாமல் போயிற்று. தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி இருந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை.

"கணுக்காலுக்குத் தண்ணி வருது, ஜெனி. பழகீடும் என்ன?"

"ஓம், பழகீடும்."

என்னையே பார்த்தாள். பிறகு துடுப்பை எடுத்தாள்.

பொங்கல் இன்னும் சாப்பிடவில்லை.

தை 17, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

ஆறு மணிக்கு மணற்காடு. கடல் கலங்கல். அலை இடுப்பளவு. வலை காயவிட்டுக்கொண்டிருந்த சூசை அண்ணை:

"பிள்ளையள், உதிலை இறங்காதையுங்கோ. வெள்ளம் மணலை அறுத்துப்போட்டுது. அலை உடையாத இடம் தெரியுதெல்லோ? அதுதான் வெளியாலை இழுக்கும்."

நூறு மீற்றர் தள்ளிப் போனோம். இறங்க முன் சாரதா கேட்டாள்:

"உண்மையாச் சொல்லு. இந்தப் பலகை எனக்குச் சரிதானே?"

"சரி" என்றேன்.

விழுந்தாள். ஏறினாள். விழுந்தாள். தாழ்ந்த பலகை, எவ்வளவு துடுப்பு வலித்தும் நகரவில்லை. நீர் அவளைப் பக்கவாட்டில் கொண்டுபோயிற்று, அலை உடையாத அந்த இடத்துக்கு. பிறகு வெளியே. வேகமாக. சத்தமே இல்லாமல்.

உதவி கேட்டுத் துடுப்பைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

நான் முழங்கால் தண்ணீரில். பெரிய பலகை கையில். ஏற வேண்டியதுதான். அலைகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு. பதினொன்று வரை. எண்ணியது எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

பிறகு போனேன். அவள் நீலப் பலகையில் குப்புறக் கிடந்தாள், உதடு வெள்ளை. என் பலகையில் இழுத்துப் போட்டேன். இருவரையும் தாங்கியது. கரையிலிருந்து சூசை அண்ணை கத்தினார்: "நேரை வராதையுங்கோ! கரையோடை போங்கோ!" கையால் வலித்தோம். எவ்வளவு நேரம், தெரியாது. கரை தட்டியது அரை மைல் அப்பால். அவள் குடித்த தண்ணீரையெல்லாம் சத்தி எடுத்தாள். என் கையை விடவில்லை.

தை 18, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை.

உரும்பிராய்க்கு அவளைப் பார்க்க. வீடு நிறையச் சனம். அவள் புருஷன் கண் கலங்கி: "தங்கச்சி, என்ரை பிள்ளையளுக்குத் தாயைத் திருப்பித் தந்தனீங்கள்."

தேத்தண்ணி தந்தார்கள். குடித்தேன். சாரதா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

தை 20, செவ்வாய்

வேலையால் வர, வாசலில் அவள் ஸ்கூட்டி. விறாந்தையில் சாரதா. இரண்டு பலகையும் சுவரில் சாத்தி.

இருக்கவும் இல்லை, நின்றபடியே எல்லாம் சொன்னேன். அந்த மனிதர் சொன்னது. 53, 74. பதினொரு அலை. குறுக்கே கதைக்காமல் கேட்டாள்.

பிறகு எழும்பி நீலப் பலகையைப் புரட்டினாள். வாலடியில் சின்ன எழுத்து.

"உதிலை அச்சடிச்சுக் கிடக்கு, ஜெனி. எண்பத்திரண்டு. நான் கணக்குப் படிப்பிக்கிறவள். வாங்கின அண்டு பின்னேரமே போனிலை தேடிப் பாத்தனான்."

"பிறகேன் கடலுக்கை இறங்கினனி?"

"நீ சொல்லுவாய் எண்டு பாத்தனான். ஏரியிலை கேட்டன். மணற்காட்டிலையும் கேட்டன்."

நான் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தேன்.

"பதினொண்டு எண்டது மட்டும் எனக்குத் தெரியாது" என்றாள். கோபமாக இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பெரிய பலகையைத் தூக்கிக் கக்கத்தில் வைத்தாள்.

"சனிக்கிழமை நான் இதிலை. நீ நீலத்திலை. அஞ்சரைக்கு வாறன், ஆயத்தமா நில்."

ஓம் என்றேன்.