வாசல் எண்

மாப்ள,

இன்று காலை உன் வீட்டில் பழைய ரவுட்டரைக் கழற்றினேன். அடியில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. அதில் என் கையெழுத்தில் 192.168.1.20. உன் வீட்டுக் கூடத்துக் கேமராவுக்கு நான் கொடுத்த எண். இத்தனை வருடத் தூசியிலும் அழியவில்லை.

நீ வளைகுடாவுக்குக் கிளம்பும் முன் நாம் சேர்ந்து மாட்டிய கேமரா. நீ வேலைக்குத் தங்கியிருந்த கேம்ப்பில் வீடியோ அழைப்பு எடுபடாது, அந்த நாட்டில் அதற்குத் தடை. மனைவியையும் மகளையும் நீ நேரில் பார்ப்பதுபோலப் பார்க்க அது ஒன்றுதான் வழி. ஆனால் இங்கே கரண்ட் போய் வந்தால் போதும், உனக்குப் படம் நின்றுவிடும். உடனே என்னைக் கூப்பிடுவாய்.

"இருபதுன்னு நீதானடா எழுதிக் குடுத்த, பெறகு ஏன் மாறுது?" என்று ஒருமுறை சண்டைக்கே வந்தாய். நாம் ஒயரிங் பார்த்த கீழச்சிவல்பட்டி வீட்டை வைத்துச் சொன்னேன். "அந்த வீட்டுல கல்யாணமான மகன் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அறை இருந்துச்சுல்ல? இருபதுங்கிறது அப்படி உள்ளாற இருக்குற அறை. அதே நம்பர் அடுத்த வீட்லயும் இருக்கும். வெளியில இருந்து வாரவனுக்குத் தெருவாசல் நம்பர் வேணும். அதை நெட் கம்பெனிக்காரன் குடுக்குறான். கரண்டு போயிட்டு வந்தா வேற ஒண்ணக் குடுத்துருவான்."

நீ சிரித்தாய். "அப்ப ஒவ்வொரு தடவையும் தெருவுல நின்னு உன்னையக் கூப்பிடணுமா?"

கம்பெனியில் மாறாத எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கலாம். செக்காலையில் கேமராக் கடை போட்டுக்கொண்டு யார் யாருக்கோ வாங்கிக் கொடுத்தேன். நமக்குள் என்ன என்று உன்னுடையதை மட்டும் தள்ளிப்போட்டேன்.

அந்த வருட நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாளும் கரண்ட் போய் வந்தது. மறுநாள் காலையில் உன் செய்தி: "நம்பர் மாறிருச்சு மாப்ள. புள்ள புதுத்துணி போட்டுக்கிட்டு கேமரா முன்னாடி நிக்கும். சீக்கிரம் அனுப்பு." நான் வலையபட்டியில் ஏணி மேல் இருந்தேன். இறங்கிப் போனில் கம்பெனிக் கணக்கைத் திறந்து புது எண்ணைத் தேடினால் இரண்டு நிமிட வேலை. "மதியம் அனுப்புறேன்" என்று எழுதிவிட்டு வேலையைப் பார்த்தேன். மதியத்துக்குள் உன் கேம்ப்பிலிருந்து தகவல் வந்துவிட்டது. மாரடைப்பு.

நாலு மாதம் பத்து நாள் துக்கம் காக்கும் இத்தா முடிந்தபின் உன் மனைவியைப் பார்க்க வந்தேன். "பெருநாளன்னைக்கு நாங்க எல்லாரும் கேமராவப் பாத்து சலாம் சொன்னோம்ணே. அவுக அதைப் பாத்துட்டுத்தான் போனாக. அது ஒண்ணுதான் ஆறுதல்" என்றாள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

உன் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகிறாள். அங்கிருந்து அம்மாவைப் பார்க்க வேண்டுமாம். அதற்காகத்தான் புது ரவுட்டர். இதில் வருவது புது மாதிரி எண். பழையது உலகத்துக்குப் போதாமல் போய்விட்டது. இது எட்டுப் பகுதியாக, எழுத்தும் எண்ணும் கலந்து அவ்வளவு நீளம். அறை, தெருவாசல் என்று இரண்டு எண் வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் தெருவைப் பார்த்துத் தனி வாசல். மாறாதபடியே கேட்டு வாங்கினேன். விண்ணப்பம் எழுதப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மாப்ள.

"இது மாறாதுல்ல மாமா?" என்று கேட்டாள்.

"மாறாதுத்தா."

பிறகு உன்னைப் பற்றிக் கேட்டாள். "பெருநாளன்னைக்கு நான் போட்டுருந்த பச்சைப் பாவாடைய அத்தா பாத்தாகளா?"

"பாத்தாக" என்றேன்.

நீ அன்று கேட்ட எண்ணை நான் பிறகு எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தேழில் முடியும். அது இப்போது வேறு யார் வீட்டுக்கோ போயிருக்கும். எனக்கு மட்டும் அது உன் வீடு. நீ இன்னும் வெளியே நிற்கிறாய், திறக்க வேண்டியவன் நான்.