வராத பிள்ளையைத் தேடிப்போகிற பள்ளிக்கூடம்

ருவைஸ்
18 மே 2025

தாமரை டீச்சர் அவர்களுக்கு,

மேலத்தெரு பஞ்சவர்ணம் எழுதிக்கொள்வது. இங்கே கல்ஃபில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உங்களுக்கு என்ன குறை. இந்தக் கடிதத்தை என் மகன் பாலகுரு போனில் படம் பிடித்து அனுப்புவான். நீங்களும் கையால் எழுதிப் படம் பிடித்தே அனுப்புங்கள். போன் எழுத்து எனக்கு எறும்பு ஊர்வது மாதிரி இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான், கொஞ்சம் பெரிதாக எழுதவும்.

நாம் பேசிக்கொண்டு எத்தனை காலம் ஆயிற்று என்பது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்காது. பாலகுரு நாலாம் வகுப்பு படிக்கையில், ஆண்டு விழா நாடகத்தில் அவனுக்கு ராஜா வேஷம் என்றீர்கள். நான் என் அண்ணன் வீட்டில் கெஞ்சிச் சரிகைத் துண்டு வாங்கிவந்து, அவன் தலையில் கட்டிப் பார்த்து வைத்திருந்தேன். திரை விலகினால் சோலையப்பன் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறான். என் பிள்ளை இரண்டு கையிலும் வேப்பங்குழையைப் பிடித்துக்கொண்டு மரமாக நிற்கிறான். சோலையப்பனின் அப்பா அப்போது ஊராட்சித் தலைவர். அன்றைக்கு நீங்கள் கட்டியிருந்தது ஊதாப்பூப் போட்ட சேலை.

அதைக் கேட்பதற்காக எழுதவில்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன்.

என் பேத்தி தன்யா வீட்டில் வாய் மூடமாட்டாள். சமையற்கட்டில் நின்றுகொண்டு, வெங்காயம் ஏன் அழவைக்கிறது, பல்லி ஏன் விழுவதில்லை என்று என் உயிரை வாங்குவாள். பள்ளிக்கூடத்தில் மட்டும் பேசுவதில்லை. சேர்ந்த நாளிலிருந்து ஒரு சொல் இல்லை. போன மாதம் பள்ளிக்கூட பஸ்ஸில் வேறு கட்டிடத்தில் இறக்கிவிட்டார்கள். இது எங்கள் வீடில்லை என்று சொல்ல அதற்கு வாய் வரவில்லை, நல்ல வெயிலில் நின்றிருக்கிறது. எங்கள் வாட்ச்மேன் ஹஸ்னைன் கடைக்குப் போன இடத்தில் பார்த்து, "அரே, பாலகுரு பாய் கி பேட்டி", பாலகுரு அண்ணன் மகளாச்சே என்று அவன் பாஷையில் சொல்லி, கையைப் பிடித்துக் கூட்டிவந்தான்.

மருமகள் விஜியோடு நானும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலில் அட்டை காட்டி, பேர் எழுதி, கழுத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். மிஸ் நல்ல பெண்தான். "எந்த தன்யா?" என்று கேட்டுக் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துப் பேசினாள். எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளும் என்ன செய்வாள். டாக்டரிடம் காட்டுங்கள் என்றாள். காட்டினோம். குறை ஒன்றும் இல்லை, பழகினால் பேசும் என்றார். யாரோடு பழகுவது என்று அவர் சொல்லவில்லை.

விஜி பிரசவத்துக்கு அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாள். அவளுக்குத் தாய்வீடும் நம் ஊர்தானே. ஜூலையும் ஆகஸ்டும் இங்கே பள்ளிக்கூடம் மூடிவிடுவார்கள், அங்கே திறந்திருக்கும். அந்த இரண்டு மாதமும் தன்யா உங்கள் வகுப்பில் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க விடுவீர்களா? நான் கூட வர முடியாது. பாலகுருவுக்கு ஷிப்ட் டியூட்டி, பொங்கிப்போட ஆள் வேண்டும்.

முடியாது என்றால் முடியாது என்று எழுதிவிடுங்கள். உங்களிடம் அது எனக்குப் புதிதல்ல.

இப்படிக்கு,
பாலகுருவின் அம்மா
பஞ்சவர்ணம்

நெடுங்கண்மாய்
23 மே 2025

பிரியமுள்ள பஞ்சவர்ணம் அக்காவுக்கு,

தன்யா தாராளமாக வரட்டும். மூலையில் எதற்கு, நடுவிலேயே உட்காரட்டும். இருக்கிற பிள்ளைகளுக்கு மூலைகளே அதிகம்.

நாடகத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். இனியும் மறைப்பதில் அர்த்தம் இல்லை. பாலகுருவும் பள்ளிக்கூடத்தில் பேசாத பிள்ளைதான் அக்கா. ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து பொங்கல் வரைக்கும் அவன் குரலை நான் கேட்டதில்லை. வீட்டில் நன்றாகப் பேசுகிறான் என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சொன்னதால் நானும் தொந்தரவு செய்யவில்லை. ஐந்தாம் வகுப்புப் பையன்களோடு உட்காரவைத்தேன், மெதுவாகத் திறந்தான். நாலாம் வகுப்பில் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்து ராஜா வேஷம் கொடுத்தது என் அவசரம். விழா அன்று காலையில் வந்து, "டீச்சர், நான் மரமா நிக்கிறேன். எங்கம்மாட்ட சொல்லிராதீங்க. துண்டெல்லாம் வாங்கி வச்சிருக்கு" என்றான்.

பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு, அதனால் சொல்லவில்லை. நீங்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவீர்கள். அப்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வரும். இப்போது அவனும் ஒரு பிள்ளைக்கு அப்பன் ஆகிவிட்டான், என்னை மன்னித்துக்கொள்வான்.

அன்புடன்,
தாமரை

ருவைஸ்
12 ஜூன் 2025

தாமரை டீச்சருக்கு,

உங்கள் கடிதம் எனக்கு முன்னால் பாலகுரு கண்ணில் பட்டுவிட்டது. முகம் ஒரு மாதிரியாக இருந்தது. "ஏன்டா, நீயாவா மரமா நிக்கிறேன்னு கேட்ட?" என்றேன். "ஆமாம்மா. அதுக்கென்ன இப்ப? சோத்தப் போடு" என்கிறான்.

இத்தனை வருஷத்துக் கோபத்தை நான் எங்கே கொண்டுபோய் இறக்குவது? பாதியை அவன்மேல் மாற்றிவிட்டேன். அன்றைக்கு அவனுக்கு ரசம் இல்லை. மீதிப் பாதி உங்கள் பேரிலேயே இருக்கிறது. பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உங்கள் வாசலைக் கடக்கக்கூடாது என்று ரேஷன் கடைக்குக் கண்மாய்க்கரையைச் சுற்றிப் போய்வந்தவள் நான். மழைக்காலத்திலும்.

விஜியும் தன்யாவும் இருபத்தாறாம் தேதி வருகிறார்கள். தன்யாவை எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்திப் பேசு பேசு என்று கேட்காதீர்கள். இங்கே எல்லோரும் கேட்டுவிட்டார்கள். முட்டையில் மஞ்சள் கரு தின்னமாட்டாள். சாப்பாடு போடுகிற வேலம்மாளிடம் சொல்லிவைக்கவும். வேலம்மாளோடு எனக்குப் பேச்சு இல்லை, அது வேறு கதை.

பஞ்சவர்ணம்

நெடுங்கண்மாய்
20 ஜூலை 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

முதலில் சேதி. தன்யா பேசிவிட்டாள்.

எப்படி என்று எழுதுகிறேன். வந்த அன்றிலிருந்து நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. நாலாம் வகுப்பு சிவதர்ஷினியின் பக்கத்தில் உட்காரவைத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்பும் இரண்டு அறையில்தான். பெரிய பிள்ளை படிப்பது சின்னப் பிள்ளை காதில் விழும், சின்னதின் கணக்கைப் பெரியது திருத்தும். இரண்டும் ஒரே தட்டுக்கூடையில் தட்டு எடுத்தன, ஒன்றாகக் கை கழுவின. வேலம்மாள் மஞ்சள் கருவைத் தானாகவே எடுத்துவிட்டுப் போடுகிறாள். நீங்கள் சொல்லித்தான் என்று நான் சொல்லவில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஒரு பிள்ளை வரவில்லை என்றால், அதன் பக்கத்தில் உட்காரும் பிள்ளையும் இன்னொன்றும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும். எல்லா வீடும் கூப்பிடு தூரம்தானே. பார்த்துவந்து எல்லோருக்கும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் பாடம்.

போன வாரம் சிவதர்ஷினி வரவில்லை. தன்யாதான் போக வேண்டும். துணைக்கு ஒன்றாம் வகுப்பு தெய்வேந்திரனை அனுப்பினேன். திரும்பி வந்து அவன் முன்னால் நின்று, "சிவதர்ஷினி மதுரைக்குப் போயிருச்சு டீச்சர். சித்தி கல்யாணம். பஸ்ல போயிருச்சு" என்று கதை அளக்கிறான். பிள்ளைகள் எல்லாம், "அப்ப எத்தன நாளு வராது?" என்று அவனையே கேட்கிறார்கள். தன்யா முகம் சிவந்து நிற்கிறாள். நான் பதிவேட்டைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அவன், "பத்து நாளு" என்றதுதான் தாமதம்.

"பொய். அவளுக்குக் காய்ச்சல். கட்டில்ல படுத்திருக்கா. நாளைக்கு வந்துருவா."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஆனால் ஒருவரும் கைதட்டவில்லை அக்கா, அதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. "கஞ்சி குடிச்சாளா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "குடிச்சா. கொஞ்சந்தான்" என்றாள். அவ்வளவுதான், பாடத்துக்குப் போய்விட்டோம். சாயங்காலம் தெய்வேந்திரனைப் பிடித்துப் பொய் சொல்லலாமா என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்கு அது பிடித்திருந்தது.

அன்புடன்,
தாமரை

ருவைஸ்
4 ஆகஸ்ட் 2025

தாமரை டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தைப் பக்கத்து வீட்டு கௌஸ் முகைதீன் சம்சாரம் ஆமிராவுக்கும் படித்துக் காட்டினேன். கல்லுமனசுக்காரி, அவளே கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒன்றும் இல்லை. அடுப்பில் கடுகு தாளித்துக்கொண்டிருந்தேன், புகை.

இப்போது வீட்டில் சண்டை. தன்யா அங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். பாலகுரு குதிக்கிறான்.

"நான் இங்க வெயில்ல வெந்து சம்பாதிக்கிறதே அவ நல்ல ஸ்கூல்ல படிக்கணும்னுதான். நெடுங்கண்மாய் பள்ளிக்கூடத்துல சேக்கவா கல்ஃபுக்கு வந்தேன்?"

"நீ எங்கடா படிச்ச?"

"அதான் ஷிப்டுல கெடக்கேன்."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவனே வந்தான். "அவளும் விஜியும் பொறக்கப்போற பிள்ளையும் அங்க, நான் இங்க. யோசிச்சியாம்மா? டியூட்டி விட்டு வந்தா காலக் கட்டிக்கிட்டுத் தொங்க அவதான இருக்கா" என்றான். அதுவும் நியாயம்தான். விஜியைக் கேட்டால், அவர் சொல்வதுதான் என்கிறாள். போனை வைக்கும்போது மட்டும், "இங்க நல்லா சிரிக்கிறா அத்தை" என்கிறாள்.

உங்களிடம் ஒளிவுமறைவு இல்லாமல் கேட்கிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் என்ன குறை? நல்லதை மட்டும் எழுதாதீர்கள்.

பஞ்சவர்ணம்

நெடுங்கண்மாய்
9 ஆகஸ்ட் 2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

குறை நிறைய இருக்கிறது. நாங்கள் இரண்டு டீச்சர்தான். ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். இங்கிலீஷ் எழுதவும் படிக்கவும் வரும், அங்கே மாதிரி சரளமாகப் பேச வராது. நீச்சல் குளம், பாட்டு வாத்தியார் எல்லாம் கிடையாது. தண்ணீர்க் குழாய் அடிக்கடி மக்கர். நானும் இன்னும் மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்றுவிடுவேன், அடுத்து வருகிறவர் எப்படியோ.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளை குறைந்துகொண்டே வருகிற பள்ளிக்கூடம் இது. ஒரு பேர் கூடினால் எனக்கு ஆதாயம். அதனால் என் பேச்சை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அப்பாவைவிட்டுப் பிள்ளையைப் பிரிக்கச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. பாலகுரு பிரசவத்துக்கு வருவான் இல்லையா, ஒரு நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். சொல்லிவிட்டு வர வேண்டாம்.

அன்புடன்,
தாமரை

ருவைஸ்
3 செப்டம்பர் 2025

தாமரை டீச்சருக்கு,

பேரன் பிறந்த சந்தோஷத்தில் நீங்கள் தொட்டிலில் போட்ட சட்டை அளவாக இருக்கிறதாம். விஜி சொன்னாள்.

பாலகுரு திரும்பி வந்துவிட்டான். தனியாகத்தான் வந்தான். பெட்டியைக்கூடத் திறக்காமல் சொல்ல ஆரம்பித்தான். சொல்லாமல்கொள்ளாமல் உங்கள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றானாம். ஒரு பொடிப்பயல் வந்து, "யாரப் பாக்கணும்?" என்று வழியை மறித்திருக்கிறான். இவன் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு சத்தம். "டேய், எங்கப்பாடா. உள்ள விடு."

"அம்மா, அது அவ சத்தம்னு எனக்கு மொதல்ல தெரியல" என்றான். வீட்டுக்கு வெளியே அவள் சத்தம் போட்டு அவன் கேட்டதில்லை அல்லவா. அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் கடைசியில் உட்கார்ந்திருந்தானாம். அவனும் சாம்பார் சாதம் சாப்பிட்டானாம். வேலம்மாள் இரண்டாம் தடவையும் போட்டாளாம். அவளுக்குக் கை தாராளம், நாக்குதான் சரியில்லை.

பிறகு விஜியோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்திருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடிகிறவரைக்கும் தன்யா அங்கே. இந்தக் கடிதத்தோடு இங்குள்ள பள்ளிக்கூடத்துச் சான்றிதழும் அனுப்பியிருக்கிறான். அவள் பேரை முறைப்படி எழுதிக்கொள்ளுங்கள். இங்கிலீஷுக்கு ராத்திரி போனில் தானே சொல்லிக்கொடுப்பதாகச் சொல்கிறான். அவன் இங்கிலீஷ் எப்படி என்று எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

இவனைத் தனியாக விட்டால் ஹோட்டல் குப்பூஸ் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வான். அதனால் நான் இங்கேயே இருக்கிறேன். நான் சண்டை போட்டு வாங்கியதுதானே, விலையையும் நான்தான் கொடுக்க வேண்டும். பேத்தி கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வாசலில் நின்று உங்களோடு ரெண்டு வார்த்தை சண்டை பிடிக்கலாம் என்று ஒரு நினைப்பு இருந்தது. அது இப்போதைக்கு இல்லை. பெற்றோர் கூட்டம் போட்டால் என் பேரையும் கூப்பிடுங்கள். வரவில்லை என்று யாராவது சொல்லட்டும், பரவாயில்லை.

இன்று காலையில் அவளுக்குப் போன் போட்டேன். இத்தனை நாளும் போனை எடுத்தால் வைக்கமாட்டாள். வை கண்ணு, அப்பத்தாவுக்கு வேலை கிடக்கு என்று நான்தான் கெஞ்ச வேண்டும். இன்று எடுத்ததும், "அப்பத்தா, எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. நான் போறேன், நாளைக்குப் பேசு" என்று வைத்துவிட்டாள். பின்னால் அத்தனை பிள்ளைகள் சத்தம்.

போனைக் கீழே வைத்தேன். பிறகு எழுந்து போய் உலை வைத்தேன்.

பஞ்சவர்ணம்